கோயம்புத்தூரில் 12 மணிக்கு உச்சி வேளை வருவதில்லை

சூரியன் ஒரு நாளில் எவ்வளவு உயரம் ஏறுமோ அவ்வளவும் ஏறி நிற்கும் நேரம்தான் உச்சி வேளை. அது பகல் 12 மணிக்கு வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கோயம்புத்தூரைப் பொறுத்தவரை இதில் முதல் வாக்கியம் மட்டும்தான் சரி. வருடத்தின் 365 நாளில் ஒரு நாள்கூட அங்கே சூரியன் 12 மணிக்கு உச்சியைத் தொடுவதில்லை. நவம்பர் முதல் வாரத்தில் 12 மணி 6 நிமிடத்துக்குத் தொடும், பிப்ரவரி நடுவில் 12 மணி 36 நிமிடத்துக்குத் தொடும். மற்ற நாட்களில் இந்த இரண்டுக்கும் நடுவே எங்காவது இருக்கும். சென்னைக்காவது பரவாயில்லை, செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை, டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு தடவை, கடிகாரமும் சூரியனும் 12 மணிக்குச் சேர்ந்துகொள்கின்றன. கொல்கத்தாவில் நிலைமை தலைகீழ். அங்கே எந்த நாளிலும் 12 மணி அடிப்பதற்குள் சூரியன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிவிடும்.

கடிகாரத்தில் கோளாறு எதுவும் இல்லை. கோவையில் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம் கோவையின் நேரத்தைக் காட்டுவதே இல்லை, அவ்வளவுதான். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூர் பக்கமாகப் போகும் ஒரு கற்பனைக் கோட்டின் நேரத்தைத்தான் அது காட்டுகிறது. அந்தக் கோட்டை யார் தேர்ந்தெடுத்தார்கள், ஏன் எல்லா ஊரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று கேட்டால், கதை வானியலில் தொடங்கி, ரயில்வேக்குப் போய், கடைசியில் அரசியலில் வந்து நிற்கும்.

முதலில் வானியல் பாதியை முடித்துவிடலாம், அது சுலபம். பூமி ஒரு சுற்றுச் சுற்ற 24 மணி நேரம். ஒரு சுற்று என்பது 360 பாகை. வகுத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் பழைய கணக்கில் சொன்னால் நாளொன்றுக்கு 60 நாழிகை, ஆகவே ஒரு நாழிகைக்கு 6 பாகை. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுவதால் கிழக்கே இருக்கும் ஊருக்கு விடியலும் உச்சியும் அந்தியும் முந்தி வரும். ஒரு பாகை கிழக்கே போனால் 4 நிமிடம் முன்னதாக.

இதை வைத்து உங்கள் ஊருக்கு நீங்களே கணக்குப் போடலாம். செல்போன் வரைபடத்தில் ஊரைத் தொட்டு அழுத்தினால் இரண்டு எண்கள் வரும். இரண்டாவது எண் தீர்க்கரேகை. அதை 82.5இலிருந்து கழித்து 4ஆல் பெருக்குங்கள். கோவைக்கு 76.96, வித்தியாசம் 5.54, பெருக்கினால் 22 நிமிடம். அதாவது கோவையில் சூரியன் சராசரியாக 12 மணி 22 நிமிடத்துக்கு உச்சிக்கு வருகிறது. மதுரைக்குப் பதினேழரை நிமிடம், சென்னைக்கு 9 நிமிடம், மும்பைக்கு முப்பத்தெட்டரை. கொல்கத்தாவுக்கு விடை எதிர்மறையாக வரும், இருபத்துமூன்றரை நிமிடம் முன்னால். யாழ்ப்பாணம் சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருப்பதால் இரண்டுக்கும் ஒரு நிமிடம்தான் வித்தியாசம். சென்னைக்கும் கோவைக்குமோ 13 நிமிடம். ஒரே மாநிலம், ஒரே நேரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, சூரியன் வேறு அட்டவணையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

‘சராசரியாக’ என்று ஒரு வார்த்தை போட்டேன். அதற்கும் காரணம் உண்டு. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் அல்ல. ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது வேகமாக ஓடும், ஜூலையில் தள்ளிப் போகும்போது மெதுவாக ஓடும். போதாக்குறைக்குப் பூமியின் அச்சு சுமார் இருபத்துமூன்றரை பாகை சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து, ஒரு உச்சி வேளைக்கும் அடுத்த உச்சி வேளைக்கும் இடையே உள்ள நேரத்தைச் சில பருவங்களில் 24 மணி நேரத்தைவிடச் சில விநாடிகள் கூட்டும், சில பருவங்களில் குறைக்கும். விநாடிகள் சேர்ந்து சேர்ந்து நவம்பர் தொடக்கத்தில் சூரியன் 16 நிமிடம் முந்தியும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தியும் போய் நிற்கிறது. தினமும் முள்ளை மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்பதால் கடிகாரம் செய்தவர்கள் வருடத்துக்கான சராசரியை எடுத்துக்கொண்டார்கள். கும்பகோணம் பக்கம் திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலில் கல்லில் ஒரு சூரியக் கடிகாரம் உண்டு. அங்கே போகிறவர்கள் நிழலையும் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, ‘கொஞ்சம் தப்பாகக் காட்டுகிறதே’ என்று நினைக்கலாம். அது உண்மையில் திருவிசநல்லூரின் நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. கைக்கடிகாரம்தான் வெளியூர் நேரத்தைச் சொல்கிறது.

ஜோதிடர்களுக்கு இது பழகிய விஷயம். பிறந்த நேரத்தோடு பிறந்த ஊரையும் கேட்டு வாங்கிக்கொண்டு, இந்திய நேரத்தைச் ‘சுதேச மணி’யாக மாற்றிய பிறகுதான் ஜாதகக் கணக்கைத் தொடங்குவார்கள். ஜாதகத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்த ஒரு படி மட்டும் சுத்தமான புவியியல்.

ரயில் வந்த பிறகு

இருநூறு வருடங்களுக்கு முன்னால் உலகத்தில் எல்லா ஊரும் தன் சொந்த நேரத்தில்தான் இருந்தது. அதில் யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை. மாட்டு வண்டியிலோ குதிரையிலோ பக்கத்து நகரத்துக்குப் போகிறவனுக்கு நாலைந்து நிமிட வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது? போய்ச் சேர்வதே அரை நாள்.

ரயில் இதைக் கெடுத்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரம் லண்டனுக்கு மேற்கே இருக்கிறது, அதன் உள்ளூர் நேரம் லண்டனுக்கு 10 நிமிடம் பின்னால். லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு ரயில் விட்ட கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி 1840இல், வழியில் உள்ள ஊர்கள் என்ன நேரம் வைத்திருந்தாலும் சரி, எங்கள் ஸ்டேஷன்களில் லண்டன் நேரம்தான் என்று முடிவெடுத்தது. அப்புறம் மற்ற கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன. ஊர்க்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கவில்லை. பிரிஸ்டலின் தானியச் சந்தைக் கட்டடத்தில் இன்றும் ஒரு கடிகாரம் இருக்கிறது, அதற்கு இரண்டு நிமிட முள். ஒன்று லண்டனுக்கு, ஒன்று பிரிஸ்டலுக்கு. ஆக்ஸ்ஃபோர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் பெரிய மணி இன்றைக்கும் இரவு 9 மணி 5 நிமிடத்துக்கு 101 முறை அடிக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் பழைய நேரப்படி அப்போதுதான் மணி ஒன்பது! பிரிட்டன் முழுவதற்கும் லண்டன் நேரமே, அதாவது அங்கே கிரீனிச்சில் உள்ள வானாய்வகத்தின் நேரமே, சட்டப்படியான நேரம் என்று நாடாளுமன்றம் சொன்னது 1880இல்தான். ரயில் சொல்லி நாற்பது வருடம் கழித்து.

அமெரிக்காவில் குழப்பம் இன்னும் பெரிது. நாடு கிழக்கு மேற்காக அகலம், ரயில் கம்பெனிகளும் அதிகம், ஒவ்வொன்றும் தன் தலைமையகத்து நேரத்தில் வண்டி ஓட்டியது. ஐம்பதுக்கு மேற்பட்ட ரயில்வே நேரங்கள் புழக்கத்தில் இருந்தன. கடைசியில் கம்பெனிகளே கூடிப் பேசி, நாட்டைச் சில பட்டைகளாகப் பிரித்து, பட்டைக்குப் பட்டை ஒரு மணி நேரம் வித்தியாசம் என்று வைத்து, 1883 நவம்பர் 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அமலுக்குக் கொண்டுவந்தன. பல ஊர்களில் அன்று பழைய 12 மணி ஒரு முறை அடித்தது, பின்னோக்கித் திருப்பி வைத்த பிறகு புதிய 12 மணி இன்னொரு முறை அடித்தது. அரசாங்கத்துக்கும் இதற்கும் அப்போது சம்பந்தமே கிடையாது. அமெரிக்க நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்கியது 1918இல்.

சரி, பட்டை பிரிக்க வேண்டுமென்றால் எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? நிலநடுக்கோட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, பூமி சுற்றுகிற விதமே அதைத் தீர்மானித்துவிடுகிறது. தெற்கு வடக்காகப் போகும் கோடுகளில் எது முதல் கோடு என்பதற்கு இயற்கையில் எந்தச் சான்றும் இல்லை. அதனால் அவரவர் தனக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டார்கள். இந்திய வானியல் நூல்களில் சூரிய சித்தாந்தம், உஜ்ஜயினி வழியாகப் போகும் கோட்டை முதல் கோடாக எடுத்துக்கொள்கிறது. அந்தக் கோடு தெற்கே நிலநடுக்கோட்டைத் தொடும் இடத்துக்கு ‘இலங்கை’ என்று பெயர். இது இப்போதைய இலங்கைத் தீவு அல்ல, கணக்குக்காக வைத்துக்கொண்ட ஒரு புள்ளி. பிரான்ஸ் பாரீஸ் வழியாகப் போகும் கோட்டை வைத்திருந்தது, பிரிட்டன் கிரீனிச் வழியாக.

1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, வாக்கெடுத்து, கிரீனிச்சைத் தேர்ந்தெடுத்தார்கள். 22 நாடுகள் ஆதரவு, சான் டொமிங்கோ (இன்றைய டொமினிக்கன் குடியரசு) எதிர்ப்பு, பிரான்ஸும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. கிரீனிச்சுக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. உலகத்தில் கடல் வழியே போன சரக்கில் பெரும்பங்கு ஏற்கெனவே கிரீனிச்சை அடிப்படையாகக் கொண்ட கடல் வரைபடங்களை நம்பித்தான் போய்க்கொண்டிருந்தது. இருப்பதை மாற்றினால் செலவு, அதுதான் வாதம். நேரப் பட்டைகளை, அதாவது நேர மண்டலங்களையே, அந்த மாநாடுதான் உருவாக்கியது என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியல்ல. மாநாடு முதல் கோட்டையும் உலகப் பொது நாளையும்தான் தீர்மானித்தது. யார் எத்தனை மணி வைத்துக்கொள்வது என்பதை அந்தந்த நாடுகள் மெதுமெதுவாகப் பின்னால் முடிவு செய்தன.

பிரான்ஸ் 1911 வரை பிடிவாதமாக இருந்தது. அந்த வருடம் இறங்கி வந்தபோதும், சட்டத்தில் கிரீனிச் என்ற பெயரை எழுத மனம் வரவில்லை. ‘பாரீஸ் சராசரி நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 விநாடி குறைத்த நேரம்’ என்று எழுதினார்கள். கணக்குப் போட்டால் அது அப்படியே கிரீனிச் நேரம். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இதுதான்.

மதராஸ் டைம்

இந்தியாவின் கதையில் சென்னைக்கு நாயகன் வேடம். கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வகம் கட்டியது. கப்பல்களுக்கும் நில அளவைக்கும் துல்லியமான தீர்க்கரேகை தேவைப்பட்டது. அங்கே இருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து, கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் என்று வைத்தார். பிற்பாடு வானியல் வேலைகள் கொடைக்கானலுக்கு மாறிப்போயின. நுங்கம்பாக்கத்தில் இப்போது வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில், அந்தக் காலத்தில் தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. மழை வருமா என்று கேட்கத் தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கோடு போய் நிற்கிற அதே இடம்தான்.

இந்தியாவில் ரயில் பாதைகள் நீண்டபோது இங்கிலாந்தின் தலைவலி இங்கேயும் வந்தது. பம்பாய் நேரம் கிரீனிச்சைவிட 4 மணி 51 நிமிடம் முன்னால், கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடம். பம்பாயில் 12 மணி என்றால் கல்கத்தாவில் ஒரு மணி தாண்டி 2 நிமிடம். இரண்டு பெரிய நகரங்களில் எந்த நகரத்தின் நேரத்தை வைத்தாலும் மற்றது சண்டைக்கு வரும். சென்னை இரண்டுக்கும் நடுவே இருந்தது, கையில் வானாய்வகமும் இருந்தது. அதனால் இந்திய ரயில்வே முழுவதும் ‘மதராஸ் டைம்’ என்றானது. அங்கிருந்து தந்தி வழியே நேரம் போகும், ஸ்டேஷன் கடிகாரங்களை அதற்கு ஒத்துத் திருப்பிக்கொள்வார்கள். பம்பாயில் ரயிலைப் பிடிக்கிறவர் தன் வீட்டுக் கடிகாரத்தோடு அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

1906 ஜனவரி 1 முதல் அரசு 82.5 பாகைக் கோட்டை எடுத்துக்கொண்டு, கிரீனிச்சோடு ஐந்தரை மணி நேரம் கூட்டி, இந்தியப் பொது நேரம் என்று அறிவித்தது. ஏன் 82.5? 15இன் பெருக்கமாக வேண்டுமென்றால் 75ஐயோ 90ஐயோதான் எடுக்க வேண்டும். முதலாவது நாட்டின் மேற்குப் பக்கம் ஒதுங்கிப் போகும், இரண்டாவது கிழக்கே வெகுதூரம் போய்விடும். இரண்டுக்கும் சரிபாதியில் 82.5. அந்த அரை மணி நேரம் வந்தது இப்படித்தான். சென்னைக்காரர்கள் கடிகாரத்தை 9 நிமிடம் முன்னால் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். பம்பாயில் தள்ள வேண்டியது 39 நிமிடம். காலையில் 39 நிமிடம் முன்னதாக மில்லுக்கு வா என்று சொன்னால் தொழிலாளி சும்மா இருப்பாரா? எதிர்ப்பு கிளம்பியது. அரசு அலுவலகத்தில் ஒரு நேரம், ஊருக்குள் ஒரு நேரம் என்று இரட்டை வாழ்க்கை பல பத்தாண்டுகள் நீடித்தது. கல்கத்தா தன் நேரத்தை 1948இல் விட்டது, பம்பாய் 1955இல். சுதந்திரம் வந்து எட்டு வருடம் கழித்து! நடுவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 முதல் 1945 வரை, இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது தனிக்கதை.

அரை மணி நேர வித்தியாசம் வைத்திருப்பது நாம் மட்டுமல்ல. இலங்கை நம்மோடு ஒன்று, ஈரான் மூன்றரை, ஆப்கானிஸ்தான் நாலரை, மியான்மர் ஆறரை. நேபாளம் முக்கால். 1986இல் நம் ஐந்தரையை விட்டுவிட்டு, கௌரிசங்கர் மலைப் பக்கமாகப் போகும் கோட்டை வைத்து ஐந்தே முக்கால் ஆக்கிக்கொண்டது. இந்தியாவிலிருந்து எல்லை தாண்டும்போது 15 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். புவியியல்படி நியாயம் உண்டு, காத்மாண்டு உண்மையிலேயே கிழக்கே இருக்கிறது. ஆனாலும் தெற்கே இருக்கும் பெரிய அண்ணனுக்கும் எனக்கும் ஒரே நேரம் இல்லை என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்யும் என்பது என் சந்தேகம்.

இலங்கையில் இது இன்னும் கூர்மையாக நடந்தது. 1996இல் கடுமையான மின்தட்டுப்பாடு. மாலையில் விளக்கெரிவதைக் குறைக்கலாம் என்று மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அது அதிகம் என்று தோன்றவே அக்டோபரில் அரை மணி நேரம் திரும்ப எடுத்தார்கள். அந்த ஆறு மணி நேரக் கணக்கு 2006 ஏப்ரல் வரை நீடித்தது, பிறகு பழையபடி ஐந்தரை. இந்தப் பத்து வருடமும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் மாற்றத்தை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தன. ஒரு சின்னத் தீவுக்குள், வடக்குத் தெற்காகப் பயணம் செய்தால் கடிகாரம் அரை மணி நேரம் மாறும் விசித்திரம். வானியலில் அதற்கு இடமே இல்லை. வடக்கு தெற்காக எவ்வளவு தூரம் போனாலும் தீர்க்கரேகை மாறாது.

அரசியல் வரைந்த கோடுகள்

வரைபடத்தில் நேர மண்டலக் கோடுகள் நேராக இல்லாமல் வளைந்து நெளிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் ஒரு அரசு முடிவு இருக்கும். சீனா அகலத்துக்கு ஐந்து மண்டலம் தேவைப்படும் நாடு, 1949க்கு முன் அப்படித்தான் பிரித்தும் வைத்திருந்தது. இப்போது நாடு முழுவதும் பெய்ஜிங் நேரம். மேற்குக் கோடியில் இருக்கும் உரும்சி நகரத்தில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் இரண்டு மணியைத் தாண்டியிருக்கும். அங்குள்ள உய்குர் மக்கள் பலர் இரண்டு மணி நேரம் குறைத்து, தங்களுக்கென்று ஒரு நேரம் வைத்துக்கொள்கிறார்கள். சீனாவிலிருந்து ஆப்கானிஸ்தானுக்குள் ஒரு காலை எடுத்து வைத்தால் கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டும். நில எல்லையில் இதைவிடப் பெரிய தாவல் உலகத்தில் கிடையாது.

சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மவர்கள் நிறைய இருக்கும் இடங்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் தீர்க்கரேகைப்படி அது கிரீனிச்சுக்கு 7 மணி நேரம்கூட முன்னால் இல்லை, ஐந்து நிமிடம் குறைவு. ஏழரை மணி நேரக் கணக்கு ஒரு காலத்தில் இருந்தது. தீபகற்ப மலேசியா, கடலுக்கு அப்பால் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரத்துக்கு வரவேண்டும் என்று 1982 புத்தாண்டன்று அரை மணி நேரம் முன்னால் தள்ளி எட்டு ஆக்கியது. பக்கத்து நாட்டோடு வியாபாரமும் போக்குவரத்தும் அவ்வளவு பின்னிக்கிடந்ததால் சிங்கப்பூரும் அதே இரவில் கூடவே தள்ளிக்கொண்டது. அதனால்தான் அங்கே காலை 7 மணிக்குத்தான் வெளிச்சம் வருகிறது. ஊரிலிருந்து போன அம்மாக்கள் ஏழு மணி வரை விடியவில்லையே என்று வியப்பது இதைப் பார்த்துத்தான்.

நம் நாட்டுக்குள்ளும் இந்த வழக்கு முடியவில்லை. இந்தியா கிழக்கு மேற்காக ஏறக்குறைய 29 பாகை அகலம், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ஜூன் மாதத்தில் அசாமின் திப்ருகரில் 4:20 வாக்கில் விடிகிறது, குஜராத்தின் துவாரகையில் ஆறு மணிக்கு மேல். டிசம்பரில் நாகாலாந்தில் நாலரைக்கே இருட்டத் தொடங்கிவிடும். அலுவலகம் முடியும் முன்பே விளக்குப் போட வேண்டும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து ‘பாகான் டைம்’ என்று ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் தனி நேரம் உண்டு. இந்தியாவின் அதிகாரபூர்வ நேரத்தை அணுக் கடிகாரங்கள் வைத்துக் காக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளே 2018இல், வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமானுக்கும் ஆறரை மணி நேரக் கணக்கில் இரண்டாவது நேரம் கொடுக்கலாம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். வடகிழக்குக்குப் போகும் ரயில் பாதைகள் வங்காளத்தின் குறுகிய கழுத்துப் பகுதியில் அலிப்பூர்துவார் பக்கமாகத்தான் நுழைகின்றன, அந்த இடத்தில் மாற்றிக்கொண்டால் போதும் என்பது அவர்கள் யோசனை. அரசு ஏற்கவில்லை. சிக்னலில் ஒரு மணி நேரக் குழப்பம் நேர்ந்தால் என்ன ஆகும் என்ற பயமும், ஒரு நாடு ஒரு நேரம் என்ற பிடிப்பும் சேர்ந்துகொண்டன. என்னைக் கேட்டால், திப்ருகரில் இருக்கும் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு இதில் நியாயம் இன்னும் கிடைக்கவில்லை.

ஒரு நாளையே தொலைப்பது

இவ்வளவு நேரம் நிமிடக் கணக்கும் மணிக் கணக்கும் பேசினோம். கிழக்கே போகப் போக மணியைக் கூட்டிக்கொண்டே போனால் பாதி உலகத்தில் 12 மணி நேரம் முன்னால் இருப்போம். மேற்கே போகப் போகக் குறைத்துக்கொண்டே போனால் அதே இடத்துக்கு 12 மணி நேரம் பின்னால் வந்து சேர்வோம். ஒரே இடம், 24 மணி நேர வித்தியாசம். எங்காவது ஓரிடத்தில் தேதியை மாற்றித்தான் ஆகவேண்டும். அந்த இடம்தான் பசிபிக் கடலில் 180 பாகையை ஒட்டிப் போகும் தேதிக் கோடு.

அந்தக் கோட்டைப் பற்றி யாரும் யோசிப்பதற்கு முன்பே மாட்டிக்கொண்டவர்கள் மெகல்லனின் மாலுமிகள். 1519இல் ஸ்பெயினிலிருந்து ஐந்து கப்பல்களில் மேற்கு நோக்கிக் கிளம்பினார்கள். மெகல்லன் வழியில் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார். மிஞ்சிய ஒரே கப்பல் 1522 ஜூலையில் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்ட் தீவுகளைத் தொட்டது. கப்பலில் நாள் தவறாமல் குறிப்பு எழுதிவந்த பிகாஃபெட்டா என்ற இத்தாலியர் கணக்குப்படி அன்று புதன்கிழமை. கரையில் விசாரித்தால் வியாழக்கிழமை என்றார்கள். எங்கேயும் தப்பு விடவில்லையே என்று அவர் திகைத்துப் போனார். தப்பு விடவும் இல்லை. சூரியன் போகும் திசையிலேயே மூன்று வருடம் பயணம் செய்ததால் அவர்களுடைய ஒவ்வொரு பகலும் துளித்துளியாக நீண்டது. உலகத்தை ஒரு சுற்று முடித்தபோது, கரையில் இருந்தவர்களைவிட ஒரு சூரிய உதயத்தைக் குறைவாகப் பார்த்திருந்தார்கள். பக்தியுள்ள கத்தோலிக்கர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல, விரத நாட்களும் பண்டிகை நாட்களும் ஒரு நாள் தள்ளிப் போயிருந்தன.

தேதிக் கோடும் சட்டத்தில் அடித்து வைத்த கோடு அல்ல. எந்த சர்வதேச ஒப்பந்தமும் அதை வரையவில்லை. எந்த நாடு எந்தப் பக்கம் இருக்க விரும்புகிறதோ அதற்கேற்ப வளையும். மணிலா, ஸ்பெயினின் அமெரிக்கக் காலனிகளோடு வியாபாரம் செய்த காலத்தில் அமெரிக்கத் தேதியில் இருந்தது. 1844 டிசம்பர் 31ஐக் கைவிட்டுவிட்டு ஆசியப் பக்கம் வந்து சேர்ந்தது. அலாஸ்காவை ரஷ்யா 1867இல் அமெரிக்காவுக்கு விற்றபோது அங்கே அடுத்தடுத்து இரண்டு வெள்ளிக்கிழமை வந்தது.

சமோவா இரண்டு பக்கமும் போய் வந்துவிட்டது. 1892இல் அமெரிக்க வியாபாரிகளின் சொல் கேட்டு அமெரிக்கப் பக்கம் போனார்கள், அந்த வருடம் ஜூலை 4ஆம் தேதி இரண்டு தடவை வந்தது. நூறு வருடம் கழித்துப் பார்த்தால் வியாபாரம் எல்லாம் ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும். சமோவாவில் வெள்ளிக்கிழமை கடை திறந்தால் அங்கே சனிக்கிழமை விடுமுறை. சமோவாவில் ஞாயிறு என்று கோயிலுக்குப் போனால் அங்கே திங்கள், வேலை நாள். வாரத்துக்கு இரண்டு நாள் வீண். அதனால் 2011இல் டிசம்பர் 29ஆம் தேதி இரவு தூங்கப் போன சமோவா மக்கள் டிசம்பர் 31 அன்று கண்விழித்தார்கள். 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை அந்த நாட்டின் வரலாற்றில் இல்லை. அன்று பிறந்தநாள் இருந்தவர்கள் பாவம்.

பக்கத்தில் இருக்கும் அமெரிக்கன் சமோவா கூடவே மாறவில்லை, பழைய பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சிறிய விமானத்தில் அரை மணி நேரப் பயணம்தான், கடிகாரத்தில் முள்ளைத் தொடக்கூட வேண்டாம், தேதி மட்டும் ஒன்று குறையும். சமோவாவில் பிறந்தநாள் கேக் வெட்டிவிட்டு மாலை விமானத்தில் ஏறினால், அங்கே போய் ஒரு இரவு தூங்கி எழுந்து அதே பிறந்தநாளுக்கு இன்னொரு கேக் வெட்டலாம். டிக்கெட் போடும்போது மட்டும் தேதியை இரண்டு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது.